ஏற்றும்போதும் எண்ணுங்கள், இறக்கும்போதும் எண்ணுங்கள்

மூட்டையை ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் எண்ணுவது வியாபாரிகளின் வழக்கம். கணனித் தொழிலுக்கும் இது பொருந்தும்.

மருதானைக்கு அடுத்த தெமட்டகொடையில் ஒரியன் சிட்டி மென்பொருள் வளாகம் இருக்கிறது. மென்பொருளைப் பரிசோதிப்பதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தொழில். "கழிவு கொடுத்தால் பில்லின் மொத்தம் சரியா?" என ஒவ்வொரு சோதனையையும் எக்செலில் ஒரு வரியாக எழுதுவார்கள். பின்னர் ஜிரா, டெஸ்ட்ரெயில் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள்.

சிக்கல் அங்கேதான். எக்செல் 0077 என்ற இலக்கத்தை 77 ஆக்கிவிடும். 3-4 என்பதைத் திகதியாக்கிவிடும். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம்.

வரிகளே காணாமற் போவதும் உண்டு. 2020 செப்டெம்பர் இறுதியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுக்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காததே காரணம். அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

எனவே இலக்கங்களை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றி வையுங்கள். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இறுதியில் இரு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

கடைக்கு மென்பொருள் வாங்குவோரும் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். விடுபட்ட ஒரு வரி என்பது செய்யப்படாத ஒரு சோதனை. அதன் நட்டம் நம் கல்லாவில்தான் விழும்.