கஃப் எவ்வளவு இறுகணும்? ரத்தம் நிற்கக் கூடாது, தேங்கணும்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்கே தந்திருக்கிறோம்.)

போன மாசம் செட்டியார்பட்டியிலிருந்து என் சித்தி பையன் போன் பண்ணினான். கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து மூணு மாசம் ஆகுது. "அண்ணே, ஜிம்முல ஒருத்தர் தொடையில எலாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டி, காலை நீட்டி மடக்கச் சொன்னாரு. கொஞ்ச நேரத்துல பாதம் வெளுத்து மரத்துப்போச்சு. இறுக்கினாத்தான் பலன்ங்கிறாரு. நிஜமா?"

பாதிதான் நிஜம். அந்த மீதிப் பாதிதான் இன்றைய எபிசோட்.

இதுக்குப் பேரு பி.எஃப்.ஆர். பயிற்சி. ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கிட்டு, குறைந்த எடையைத் தூக்குறது. 1966-ல் ஜப்பானைச் சேர்ந்த யோஷியாகி சாட்டோ ஒரு பௌத்தச் சடங்கில் ரொம்ப நேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்து, வீங்கி, வலிச்சது. 'இது உடற்பயிற்சிக்கு அப்புறம் வர்ற வலி மாதிரியே இருக்கே'ன்னு தோணிச்சு. தன் உடம்பிலேயே சைக்கிள் டியூபும் கயிறும் கட்டிப் பரிசோதிச்சார். அதில் ஒரு கட்டத்தில் நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைச்சு, ஆஸ்பத்திரிக்கும் போனார். கண்டுபிடிச்சவருக்கே அளவு தப்பினா ஆபத்துதான்.

சரி, உள்ளே என்ன நடக்குது? தமனி தடிச்ச சுவர் உள்ளது, உள்ளே அழுத்தமும் அதிகம். சிரையோட சுவர் மெலிசு, அழுத்தமும் குறைவு. அதனால் கஃப்பை மிதமாக ஊதினால் முதலில் நசுங்குவது சிரை. தமனி ஓரளவு திறந்தே இருக்கும். ரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போக வழி குறைவு. கால் நிறையும். தசைக்கு ஆக்சிஜன் குறையும், கழிவுப்பொருள் சேரும். சாதாரண தசைநார்கள் சீக்கிரம் களைச்சுப் போக, கனமான எடை தூக்கும்போது மட்டும் இறங்குகிற பெரிய தசைநார்களும் வேலைக்கு வந்துடும். அதனால்தான் ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 20 முதல் 40 சதவீதம் போதும். ஆபரேஷன் பண்ணின முட்டிக்கு இது பெரிய வரம்.

இன்னும் ஊதிக்கிட்டே போனா தமனியும் மூடிடும். அப்போ ரத்தம் உள்ளேயே வராது. நரம்பும் நசுங்கும். பாம்பு கடிச்சா கயிறு கட்டி இறுக்காதேன்னு டாக்டர்கள் சொல்ற காரணங்களில் இதுவும் ஒண்ணு. கட்டுக்குக் கீழே இருக்கிற சதை பட்டினி கிடக்கும்.

அப்போ சரியான நம்பர் எது? எல்லாருக்கும் ஒரே நம்பர் கிடையாது. முதலில், உங்க காலில் எந்த அழுத்தத்தில் தமனி முழுசா மூடுதுன்னு கண்டுபிடிக்கணும். கணுக்காலில் டாப்ளர் கருவியை வைச்சு, கஃப்பை ஊதி, நாடிச் சத்தம் நிக்கிற இடத்தைப் பார்க்கணும். அதுதான் 100 சதவீதம். பயிற்சியில் அதில் 40 முதல் 80 சதவீதம் வரைதான் வைக்கணும்.

ஒரு கணக்குப் போடுவோம். கஃப்பில் 150 வைச்சாச்சு. தமனி 240-ல் மூடுற காலுக்கு அது சுமார் 62 சதவீதம், பரவாயில்லை. 180-ல் மூடுற காலுக்கு 83, எல்லை தாண்டியாச்சு. 130-ல் மூடுற கைக்கு? ரத்தம் சுத்தமா நின்னுடும்.

இந்த நம்பரை மாத்துற விஷயங்கள் மூணு. தொடை பருமனாக இருந்தால் அதிக அழுத்தம் தேவை. கஃப் அகலமாக இருந்தால் குறைந்த அழுத்தமே போதும், ஒடுக்கமான பட்டைக்கு ரொம்ப அதிகம் வேணும். படுத்திருக்கும்போது வர்ற அளவும் நிற்கும்போது வர்ற அளவும் வேறு. எந்த நிலையில் பயிற்சியோ, அதே நிலையில் அளக்கணும்.

எலாஸ்டிக் பட்டையில் மீட்டரே இல்லை. "10-க்கு 7 இறுக்கம்"னு வீடியோவில் சொல்வாங்க. உங்க 7 இன்னொருத்தருக்கு 10-ஆ இருக்கலாம். இன்னொண்ணு, அழுத்தத்தை ஏத்த ஏத்த பலன் அதே அளவில் ஏறாது. ஒரு கட்டத்துக்கு மேல ஏறுறது வலி மட்டும்தான்.

வழக்கமான முறை: முதலில் 30 தடவை, பிறகு 15 வீதம் மூன்று சுற்று, நடுவில் அரை நிமிஷம் ஓய்வு. முடிந்ததும் கஃப்பைத் தளர்த்திடணும். நடுநடுவே கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்க. இரண்டு மூன்று விநாடியில் சிவப்பு திரும்பலைன்னாலோ, பாதம் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலமானாலோ, உடனே அவிழ்த்துடுங்க. தசை எரியலாம், பாதம் மரத்துப் போகக் கூடாது. முன்பு ரத்தக்கட்டி வந்தவங்க, கர்ப்பிணிகள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

ராஜபாளையம் வட்டாரத்தில் சத்திரப்பட்டி பக்கம் தறியில் பேண்டேஜ் துணி நெய்யுறாங்க. கட்டுறதுக்குத் துணிக்கு எங்க ஊர்ப் பக்கம் பஞ்சமே இல்லை. அளக்கிறதுக்குத்தான் ஆள் வேணும். தம்பி இப்போ ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட போறான். "அண்ணே, என் கால் 180. அதுல 60 சதவீதம், 108-லதான் வைக்கிறாங்க. பாதம் மரக்கவே இல்லை, தொடைதான் எரியுது"ன்னான்.

"அப்படித்தான்டா எரியணும்"னு சொன்னேன். உங்க ஜிம்மில் யாராவது பட்டையை நீட்டினா, முதலில் கேளுங்க: "என் நம்பர் எவ்வளவு?" அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.