காசநோய்க் கிருமியின் ஊக்கிப் பகுதியும் ஆர்.என்.ஏ. பாலிமரேசும்: ஐசோனியசிட் எதிர்ப்பை முன்வைத்து

முன்னுரை

சென்னையில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை அம்மையத்தின் ஆய்வு 1959இல் உலகுக்கு மெய்ப்பித்தது. அச்சிகிச்சையில் பயன்பட்ட மருந்துகளுள் ஒன்று ஐசோனியசிட். இம்மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பு, சில வேளைகளில் மரபணுவின் ஊக்கிப் பகுதியில் நிகழும் ஒற்றை மாற்றத்தால் விளைகிறது. அது நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊக்கியை இனங்காணல்

பாக்டீரியாவில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் ஆகும். அதன் உள்ளகத்துக்குப் படியெடுக்கும் ஆற்றல் உண்டு. தொடங்கவேண்டிய இடத்தை அறியும் திறனைச் சிக்மா காரணியே அளிக்கிறது. ஈ.கோலையில் சிக்மா 70, தொடக்கப் புள்ளிக்கு முன்னுள்ள −35, −10 ஆகிய இரு ஆறெழுத்து வரிசைகளை இனங்காண்கிறது. இவற்றுக்கிடையே ஏறத்தாழ 17 இணைகள் உள்ளன. நொதி முதலில் இழைகள் பிரியாத மூடிய கூட்டமைவாகப் பிணைகிறது. பின்னர் −10 பகுதியில் இழைகள் பிரிந்து திறந்த கூட்டமைவு உருவாகிறது. சில ஊக்கிகளில் −15இல் தைமினும் −14இல் குவானினும் அமைந்து, சிக்மாவின் பிடிப்பை வலுப்படுத்துகின்றன. இது நீட்டித்த −10 வரிசை எனப்படும்.

இன்ஹா ஊக்கியில் மாற்றம்

இன்ஹா நொதி, காசநோய்க் கிருமியின் செல்சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமில உருவாக்கத்தில் பங்கேற்கிறது. கேட்ஜி நொதியால் செயலூக்கம் பெற்ற ஐசோனியசிட் இதனைத் தடுக்கிறது. இன்ஹா மரபணுவின் ஊக்கியில் −15ஆம் இடத்துச் சைட்டோசின் தைமினாக மாறும்போது, −14இல் முன்பே உள்ள குவானினோடு சேர்ந்து மேற்கூறிய நீட்டித்த வரிசையை ஒத்துவிடுகிறது. படியெடுப்பு மிகுகிறது, இன்ஹாவும் மிகுதியாக உருவாகிறது. நொதியின் வடிவம் மாறவில்லை. அளவு மாறியதால் வழக்கமான மருந்தளவு போதாமற்போகிறது.

முடிவுரை

இவ்வேறுபாடு சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கேட்ஜி மாற்றம் பெரும்பாலும் உயர்நிலை எதிர்ப்பைத் தருகிறது. ஊக்கி மாற்றம் மட்டும் இருப்பின் எதிர்ப்பு பொதுவாகத் தாழ்நிலையினது. ஐசோனியசிட்டின் அளவை உயர்த்திப் பயன்பெற வாய்ப்புண்டு. ஆயின், அதே இலக்கைத் தாக்கும் எத்தியோனமைடு பயனிழக்கிறது. எனவே, எதிர்ப்பு உண்டா என்பதோடு அது எவ்விடத்து மாற்றத்தால் எழுந்தது என்பதையும் ஆய்வகம் கண்டறிதல் இன்றியமையாதது.