கார் சக்கரத்துக்காக ஹப், பிரேக்கை மாற்றலாமா? 2 மி.மீ. வித்தியாசமும் ஆபத்தாவது ஏன்?

கொச்சி: கே.எல்.43 என்ற எண்ணுடன் ஓடும் கார்கள் மட்டாஞ்சேரி துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானவை. அவற்றில் ஒன்றுக்கு வேறொரு காரின் அகலமான அலாய் சக்கரத்தைப் பொருத்த அதன் உரிமையாளர் விரும்பினால், முதலில் தடையாக நிற்பது சட்டம் அல்ல. சக்கரத்தைத் தாங்கும் ஹப்தான்.

ஹப்பில் உள்ள போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்துள்ளன. அந்த வட்டத்தின் விட்டமே பி.சி.டி. எனப்படுகிறது. மாருதி ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி ஆகியவற்றில் 100 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட்டுகள். ஃபோக்ஸ்வேகன் போலோவில் அதே வட்டத்தில் 5. எண்ணிக்கை வேறுபட்டால் சக்கரம் ஏறவே ஏறாது என்பதால் அதில் ஏமாற வாய்ப்பில்லை. ஏமாற்றுவது சிறிய வித்தியாசம்தான். ஃபியட் புன்டோவின் வட்டம் 98 மி.மீ. அதில் 100 மி.மீ. ரிம்மைப் பொருத்தினால், முடுக்கும்போது நன்றாகவே உட்கார்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு போல்ட்டும் 1 மி.மீ. விலகிச் சாய்வாக இறுகியிருக்கும். ஓட்டத்தில் நட்டு தளரலாம், போல்ட் முறியலாம்.

நடுத்துளையும் இதே போன்றதுதான். ஸ்விஃப்ட்டில் அது 54.1 மி.மீ., சிட்டியில் 56.1 மி.மீ. பெரிய துளையுள்ள ரிம்மைச் சிறிய ஹப்பில் மாட்டும்போது இடைவெளியை நிரப்ப வளையம் போடாவிட்டால் ஸ்டீயரிங் அதிரும். நட்டின் மரையும் இரு கார்களிலும் வெவ்வேறு.

இவற்றைச் சமாளிக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: ஹப்பில் புதிதாகத் துளையிடுதல், இடையில் அடாப்டர் தகடு வைத்தல், வேறு காரின் ஹப்பையே பிரேக்குடன் சேர்த்து மாற்றுதல். புதுத் துளைகள் பழைய துளைகளுக்கு அருகில் விழுந்தால் ஹப் பலவீனமடையும். தகடு சக்கரத்தை வெளியே தள்ளுவதால் பேரிங்கின் மீது சுமை கூடும். மட்டாஞ்சேரி போன்ற கடலோரப் பகுதியின் உப்புக் காற்றில் தகட்டுக்கும் ஹப்புக்கும் இடையே துரு ஏறுவது தனிப் பிரச்சினை.

மூன்றாவது வழி உறுதியானதாகத் தெரியும். ஆனால் அதில்தான் பிரேக் சிக்குகிறது. பெரிய காலிபரின் பிஸ்டன் கூடுதல் திரவத்தைக் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். முன், பின் பிரேக்குகளின் விகிதம் குலைந்து பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். ஏபிஎஸ் கருவியும் பழைய அளவுகளுக்கு ஏற்றவாறே அமைக்கப்பட்டிருக்கும்.

பிரேக்கைத் தொடாமல் டயரை மட்டும் பெரிதாக்கினாலும் விளைவு உண்டு. 185/65 ஆர்15 டயருக்குப் பதிலாக 205/60 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடும். வேகமானி 80 கி.மீ. காட்டும்போது கார் ஏறத்தாழ 84 கி.மீ. வேகத்தில் செல்லும், பெடலை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் சாலையில் கிடைக்கும் நிறுத்துவிசை குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மாநில விதிகளின் அடிப்படையில் கட்டமைப்பு மாற்றங்களைக் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அத்தீர்ப்பை 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு ரத்து செய்தது. விதிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் அப்போது தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் வாகனச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்கவும் அறிவிக்கப்படாத மாற்றம் காரணமாகலாம்.

பெரிய சக்கரம் வேண்டுமென்போருக்கு வழியே இல்லை என்பதில்லை. ஸ்விஃப்ட்டின் கீழ்நிலை ரகத்தில் 165/80 ஆர்14 டயரும் மேல்நிலை ரகத்தில் 185/65 ஆர்15 டயரும் வந்துள்ளன. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் வெளிவிட்டம் முறையே 620, 622 மி.மீ. அளவிலேயே நிற்கிறது, ஹப்பையோ பிரேக்கையோ தொட வேண்டியதில்லை.