காயம்பட்ட பரங்கிக்காயைக் காப்பாற்றுவது எப்படி?

நன்கு முற்றிய பரங்கிக்காய் சில மாதங்கள் வரை கெடாமல் இருக்கக்கூடியது. ஆனால் பறிக்கும்போது சில காய்களில் மண்வெட்டி பட்டுவிடும். சிலவற்றில் காம்பு ஒடிந்துவிடும். இவற்றை நல்ல காய்களோடு குவித்து வைத்தால், அழுகல் மற்றவற்றிற்கும் பரவும். எனவே முதலில் தரம் பிரிக்க வேண்டும்.

நகத்தால் அழுத்தினால் பதியாத தோல் முற்றிய காய்க்கு அடையாளமாகும். அத்தகைய காயில் தோலளவில் உள்ள கீறல் ஆறிவிடும். மண்ணை உலர்ந்த துணியால் துடைத்து, மழையும் கடும் வெயிலும் படாத காற்றோட்டமான கொட்டகையில், வைக்கோல் மீது ஒன்றையொன்று தொடாமல் 10 நாட்கள் வைக்கவும். 27 முதல் 29 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலை ஏற்றது. கீறலின் மேல் தக்கை போன்ற படலம் உண்டாகி, கிருமிகள் நுழைவதைத் தடுக்கும். பின்னர் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் உறியில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை பார்த்துவரவும்.

சதை வரை வெட்டுப்பட்ட காயை அன்றே சமைத்துவிடவும். காம்பு ஒடிந்த காய்களையும் பிஞ்சுகளையும் சேமிக்காமல் முதலில் பயன்படுத்தவும். எலி கடித்த, பழ ஈ தாக்கிய, அழுகிய காய்களைச் சமைக்கலாகாது, ஆழமாகப் புதைத்துவிடவும்.

அடுத்த அறுவடையில் 5 செ.மீ. காம்பு விட்டுக் கத்தியால் அறுத்து, காயை அடியில் தாங்கி எடுத்தால் இச்சேதத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.