கோடைகாலப் பாடநெறியும் 25 கப்றுகளும்

பிரெஞ்சு மொழியோடு அந்நாட்டின் வரலாற்றையும் படிக்க ஒரு கோடைகாலத்தைப் பிரான்ஸில் கழிக்க விரும்புவோர் பெரும்பாலும் பாரிஸையே நாடுவர். சொர்போனில் வெளிநாட்டு மாணவருக்கான நாகரிகப் பாடநெறி 1919 இல் தொடங்கியது. அதன் புகழ் பெரிது. நாம் சிபாரிசு செய்வதோ லுவார் நதிக்கரையிலுள்ள தூர் நகரை. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்க 1912 இலேயே அங்கு ஒரு கல்வி நிலையம் நிறுவப்பட்டது. வகுப்பு முடிந்தபின் ஊர் பார்க்கத் தாராளமாக நேரமுண்டு. ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிவிடும். (மஃரிபும் அப்போதுதான்!)

கி.பி. 732 இல் அப்துர் ரஹ்மான் அல்காஃபிகீ, சார்ல்ஸ் மார்ட்டெலின் படையுடன் போரிட்டு ஷஹீதானது இந்நகருக்கும் புவாத்தியேவுக்கும் இடையில்தான். பிரெஞ்சுப் பிள்ளைகள் மனனம் செய்யும் ஆண்டுகளுள் அதுவும் ஒன்று.

ஆனால் தவறாமல் பார்க்க வேண்டியது, அங்கிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அம்புவாஸ் கோட்டை. லியோனார்டோ டா வின்சியின் கல்லறைக்காகவே பலரும் அங்கு வருவர். அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் சிறையிருந்த இடமும் அதுவே. கிழக்கு நாடொன்றுக்குப் போக விடுவோம் என்ற வாக்குறுதியை நம்பி 1847 டிசம்பரில் அவர் சரணடைந்தார். வாக்கு மீறப்பட்டது. 1848 முதல் 1852 வரை குடும்பத்தாருடனும் பரிவாரத்துடனும் அக்கோட்டையில் அடைபட்டிருந்தார். குளிர் தேசத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 25 பேர் அங்கேயே மௌத்தாகி, கோட்டைத் தோட்டத்திலேயே அடக்கப்பட்டனர். அவர்கள் நினைவாக, அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குரைஷி வடிவமைத்த 25 கற்கள் 2005 இல் அங்கு நாட்டப்பட்டன.

அதே அமீர்தான் 1860 இல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர். சிறை வைத்த பிரான்ஸே அதற்காக அவருக்கு உயர் விருது வழங்கியது. கதை அதோடு முடியவில்லை. 2022 பெப்ரவரியில் அம்புவாஸில் அவருக்கு எழுப்பிய சிற்பத்தைத் திறப்பு விழாவுக்குச் சற்று முன்னர் யாரோ சேதப்படுத்தினர். ஆயினும் விழா நடந்தது. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த ஊராரிடமே கேட்டறிவது வேறு.

பெண் பிள்ளையை அனுப்ப எண்ணும் உம்மா, வாப்பாமாருக்கு ஒரு சொல். ஹிஜாபைத் தடுக்கும் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கப் பாடசாலைகளுக்கு உரியது. பல்கலைக்கழக மாணவிகளைக் கட்டுப்படுத்தாது. முகத்தை மூடுவதற்கோ 2011 முதல் பொது இடங்களில் தடையுண்டு. தனியார் மொழி நிலையமாயின் அதன் விதிகளையும், பிரெஞ்சுக் குடும்பமொன்றில் தங்குவதாயின் ஹலால் சாப்பாட்டு விடயத்தையும் பணம் கட்டுமுன் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.