பொறிவண்டின் முதுகில் தொடங்கிய பாதை

அசுவினி மேயும் பொறிவண்டு ஒன்றை விரலில் ஏறவிட்டுப் பாருங்கள். நுனிவரை போகும், செம்முதுகு இரண்டாகப் பிளக்கும், உள்ளே மடித்து வைத்த மெல்லிறகு விரியும், பறந்துவிடும். அந்த முதுகில் எத்தனை புள்ளி என்று சிறுவயதில் எண்ணாதவர் உண்டா? வளர்ந்த பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தவர் உயிரியலாளர் தியோடோசியஸ் டோப்சான்ஸ்கி.

1900-இல் உக்ரைனின் நெமிரிவ் ஊரில் பிறந்தார். பிள்ளைவரம் கேட்ட பெற்றோர், வேண்டிக்கொண்ட புனிதரின் பெயரையே வைத்தார்கள். 1918-இல், கீவ் நகரம் கை மாறி மாறி அல்லாடிய நாளில், புதிய பொறிவண்டு இனம் ஒன்றைப் பற்றி முதல் கட்டுரை எழுதிவிட்டார். ஊர் அப்படிக் கிடக்கப் பூச்சி பிடிக்கப் போவதற்கும் ஒரு மனசு வேண்டும்!

ஆசியப் பொறிவண்டு ஒன்று அவரைப் படுத்தியது. இனம் ஒன்றே, மேற்குச் சைபீரியாவில் பெரும்பாலும் கறுப்பு, கிழக்கே போகப் போகச் சிவப்பும் மஞ்சளும். ஏன் இப்படி? முதுகைப் பார்த்து விடை கிடைக்காது, மரபணுவுக்குள் போக வேண்டும். 1927 டிசம்பரில் நியூயார்க்கில், மரபியல் அறிஞர் மார்கனின் பழ ஈ ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

பின்னாளில் கலிபோர்னியாவின் சான் ஜெசின்டோ மலையில், புளித்த வாழைப்பழக் கூழ் வைத்துக் காட்டு ஈக்களைப் பிடித்தார். ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஊசிமுனையால் பிரித்து, சாயமிட்டு, கண்ணாடிச் சில்லால் அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் வரிவரியாக, கரை போட்ட நாடாபோல் தெரியும். ஒரு நாடாவில் நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், அது தன் இணையோடு சேரும்போது அழகாக வளையம் போட்டுக்கொள்ளும்.

இந்தத் திருப்பங்களால் ஈக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். எண்ணிப் பார்த்தபோது ஒரு வகை மார்ச் முதல் ஜூன் வரை குறைந்தது, கோடையில் மறுபடி ஏறியது. அடுத்த ஆண்டுகளிலும் அப்படியே. சில தலைமுறைக்குள், பருவத்தோடு சேர்ந்து, இயற்கைத் தேர்வு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது! தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அவர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். பரிணாமமே படைக்கும் முறை, படைப்பு என்றோ முடிந்துபோன வேலை அல்ல என்று 1973-இல் எழுதினார். வாழைப்பழக் கூழில் வந்து உட்கார்ந்த ஈக்களிடம் அந்த வேலை நடப்பதை அவர் எண்ணியே பார்த்திருந்தார்.