பாரமான படகை இழுப்பதற்கு ஏற்ற வண்டியைத் தெரிதல்

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கரையோரத்தில் கமத்தையும் கடலையும் ஒருங்கே நம்பி வாழும் குடும்பங்கள் பல உள. மாரியில் வயலும் கோடையில் வலையுமாக அவர்தம் ஆண்டு கழிகின்றது. இக்குடும்பங்களிற் சில, கூட்டாகப் பணஞ் சேர்த்து, படகை இழுப்பதற்கென ஜீப் வண்டியோ டபிள் கப் வண்டியோ வாங்க விரும்புகின்றன. வண்டியின் விலையோ ஒரு குடும்பத்தின் பல போக விளைவுக்குச் சமமானது. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், சந்தையிற் கிடைக்கும் வண்டிகளிற் பெரும்பாலானவை பழையன. ஆகவே, பணங் கொடுக்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே விளக்குவோம்.

18 அடிக் கண்ணாடிநார்ப் படகாயின், வெளியிணைப்பு எஞ்சினைக் கழற்றிவிட்டு எட்டுப் பத்துப் பேர் தோள் கொடுத்தால் கரையேறிவிடும். அதற்கு வண்டி வேண்டுவதில்லை. உள்ளே டீசல் எஞ்சின் பூட்டிய படகே ஆட்பலத்துக்கு அடங்காதது. பனங்குற்றிகளை உருளையாக இட்டு ஊரார் கூடி இழுத்த வழக்கம் நல்லதே. ஆனால் புயலெச்சரிக்கை கிடைத்தபின் எல்லாப் படகுகளையும் அவ்வாறு ஏற்றுவதற்குப் பொழுது போதாது. 1964 டிசம்பரில் மன்னார்க் கரையையும் 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பையும் தாக்கிய புயல்களை மூத்தோர் மறந்திலர். அத்தகைய இரவில் வண்டி ஈரச் சாய்வில் வழுக்கி நின்றுவிடுமாயின், படகும் போய் வண்டியும் போகும்.

முதலில் படகின் எடையை உள்ளபடி அறிதல் வேண்டும். விற்றவர் சொன்ன எடை வெறும் படகின் எடையாகவே இருக்கும். எஞ்சின், எரிபொருள், ஈரவலை, பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரம் ஆகியன அதில் அடங்கா. 200 லீற்றர் டீசல் மட்டுமே ஏறத்தாழ 170 கிலோகிராம் ஆகும். யாவற்றினும் ஏமாற்றுவது மழைநீர். 6 மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமுமான திறந்த படகில் ஓரிரவில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஏறக்குறைய 450 கிலோகிராம் நீர் தேங்கிவிடும். இழுக்குமுன் அடித்தக்கையைக் கழற்றி நீரை வடியவிடுவது காசில்லாக் காரியம்; ஆயினும் அவசரத்தில் மறக்கப்படுவது அதுவே. படகை றெயிலருடன் சேர்த்து, நெல் லொறிகளை நிறுக்கும் எடைப்பாலத்தில் ஒருமுறை நிறுத்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். சகல சாமான்களுடனும் படகு 2,000 கிலோகிராம், றெயிலர் 500, ஆக 2,500. இழுக்கும் வண்டி 1,800 கிலோகிராம். இறங்குதுறையின் சீமெந்துச் சாய்வு 8 அடிக்கு 1 அடி உயர்வது. சாய்வின் காரணமாகப் படகும் றெயிலரும் ஏறத்தாழ 310 கிலோகிராம் விசையாற் பின்னோக்கி இழுக்கும். வண்டியின் சொந்த எடை 225 கிலோகிராம் விசையாற் பின்னிழுக்கும். சில்லுகள் உருளும்போது ஏற்படும் தடையையும் கூட்டினால், தேவைப்படும் இழுவிசை சுமார் 620 கிலோகிராம்.

இதற்கு எத்தனை பரிவலு வேண்டும்? மனிதர் நடக்கும் வேகத்தில் ஏற்றுவதற்கு 8 பரிவலு அளவே போதுமானது! 150 பரிவலு என்றும் 200 பரிவலு என்றும் தரகர் பெருமை பேசுவது நெடுஞ்சாலைக்குப் பொருந்தலாம், இறங்குதுறைக்குப் பொருந்தாது. அங்கே வேண்டுவன இரண்டு: அந்த வலுவை மிக மெதுவாகச் சில்லுக்குக் கொடுக்கும் தாழ்ந்த கியர், அதனை நிலத்திற் பதிக்கும் பிடி.

பிடியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஒரு சில்லு எவ்வளவு இழுக்கும் என்பது அதன்மேல் உள்ள பாரத்தையும் நிலத்தின் தன்மையையும் பொறுத்தது. பாசி சிறிது படிந்த ஈரச் சீமெந்தில், பாரத்தின் 10இல் 4 பங்கே இழுவிசையாகும் எனக் கொள்வோம். மேற்கூறிய வண்டியின் பின்சில்லுகளில் 900 கிலோகிராம் உண்டு. றெயிலரின் மூக்கு 200 கிலோகிராம் பாரத்தை அங்கே வைக்கும். சாய்வில் ஏறுகையில் முன்னிருந்து பின்னுக்கு 100 கிலோகிராம் அளவில் மாறும். ஆக 1,200, அதில் 10இல் 4 பங்கு 480. தேவையோ 620. பின்சில்லு மாத்திரம் இழுக்கும் வண்டி அங்கேயே நின்று சுழலும். நான்கு சில்லும் இழுத்தால் 2,000 கிலோகிராமில் 10இல் 4 பங்காகிய 800 கிடைக்கும், படகு ஏறும். முன்சில்லு மாத்திரம் இழுக்கும் கார் வகைகள் இவ்வேலைக்கு முற்றிலும் ஆகா. ஏறுகையில் பாரம் குறைவது முன்சில்லிலேயே.

இவ்விடத்திற் சொல் மயக்கம் ஒன்றைத் தீர்த்துவிடுதல் நன்று. நாம் நான்கு சில்லு உழவு இயந்திரம் என வழங்குவது, கையாற் பிடித்து நடத்தும் இரண்டு சில்லு இயந்திரத்திலிருந்து வேறுபடுத்துவதற்காகவே. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பின்னிரு சில்லுகளே இழுப்பன. அவ்வாறே, நான்கு சில்லும் இழுக்கும் என்று எழுதி விற்கப்படும் சில கார் வகைகளில் தாழ்கியர்ப் பெட்டி கிடையாது. அவை மழைச் சாலைக்கு உதவும். பாரமான படகைச் சாய்வில் ஏற்றப் புகுந்தால் கிளச் கருகும். நெம்புகோலாலோ விசையாலோ தாழ்கியருக்கு மாற்றக்கூடிய வண்டியையே தேடுக. அதிலும், முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பிணைக்கும் வகை எது, எப்போதும் நான்கு சில்லாலும் ஓடும் வகை எது எனக் கேட்டறிதல் வேண்டும். முன்னைய வகையை உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சில்லு நிலையில் ஓட்டினால், திருப்பங்களில் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிப் பழுதுறும். சாய்வின் தலைப்பை அடைந்ததும் இரு சில்லு நிலைக்கு மாற்றிவிடல் வேண்டும்.

படகு ஏறிவிட்டது என்பதால் வண்டி போதுமானது என எண்ணிவிடலாகாது. 1,800 கிலோகிராம் வண்டி 2,500 கிலோகிராம் பாரத்தைக் கரையேற்ற வல்லது. ஆனால் நெடுஞ்சாலையில் அதனைக் கொண்டுசெல்ல நாம் ஒருபோதும் ஆலோசனை கூறோம். பிறேக் பிடித்தவிடத்துப் பின்னால் வரும் பாரம் வண்டியைத் தள்ளும். வளைவாயிற் பக்கவாட்டில் மடக்கிவிடும். வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். பாதையிற் செல்லும்போது இழுக்கப்படும் பாரம் இழுக்கும் வண்டியின் எடையை மிஞ்சாதிருப்பதே பாதுகாப்பு. இதற்கென ஒவ்வொரு வண்டிக்கும் உற்பத்தியாளர் எல்லை விதித்துள்ளனர். லாண்ட்றோவர் டிபென்டர் 110 வகைக்கு, பிறேக் உள்ள றெயிலராயின் 3,500 கிலோகிராமும் பிறேக் இல்லாததாயின் 750 கிலோகிராமும் எல்லை. சுசுக்கி ஜிம்னியும் தாழ்கியர் உடைய நல்ல வண்டியே. ஆனால் அதன் எல்லை பிறேக் உள்ள றெயிலருக்கு 1,300 கிலோகிராம். மணலில் ஜிம்னி துள்ளியோடுவதைக் கண்டு மயங்கிப் பெரும் படகைப் பூட்டுவது, கன்றின் கழுத்தில் நுகத்தை வைப்பது போலாகும். பிறேக் உள்ள றெயிலருக்கும் இல்லாததற்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாட்டையுங் கவனிக்க. பாரமான படகுக்கு, வண்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைப் பிறேக் பூட்டிய றெயிலருக்கென ஒதுக்கியே ஆகவேண்டும்.

சீமெந்துச் சாய்வு எல்லாக் கரையிலும் இல்லை. முல்லைத்தீவிலும் வாகரையிலும் பெரும்பாலும் மணலே. உலர்ந்த பொருமல் மணலில், சமதரையிலேயே மொத்த எடையின் 5இல் 1 பங்கு தடையாக நிற்கும். நம் உதாரணத்தில் அது 860 கிலோகிராம்; நான்கு சில்லும் இழுத்தாலும் வண்டி தோற்கும். ரயர்க் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 18 இறாத்தல் வரை குறைத்தால் ரயர் அகன்று மணலில் மிதக்கும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மீண்டும் நிரப்புதல் வேண்டும். எனினும் நாம் பெரிதும் விரும்புவது வேறொரு முறை. வண்டி மணலில் இறங்கவே வேண்டாம். அதை வாடிக்குப் பின்னாலுள்ள இறுகிய தரையில் நிறுத்தி, நீண்ட கயிற்றாற் படகை இழுக்கலாம். கயிற்றின் ஒரு நுனியை உறுதியான மரத்திற் கட்டி, படகிற் பூட்டிய கப்பியினூடாக வண்டிக்குக் கொண்டுவந்தால், படகு பாதித் தூரமே நகரும். இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நேரில் எவரும் நிற்கலாகாது. அறுந்த கம்பிக் கயிறு காலைத் துண்டிக்கக் கூடியது. வேடிக்கை பார்க்க வரும் சிறுவரை முதலில் அப்புறப்படுத்துக.

இனி, வீட்டில் ஏற்கெனவே உழவு இயந்திரம் இருப்போர்க்கு ஒரு வார்த்தை. படகு துறையிலிருந்து ஓரிரு மைலுக்குள்ளேயே நகர்வதாயின், புதிய வண்டி வாங்கவேண்டாம் என்பதே எமது கருத்து. பெரிய பின்ரயரும் மிகத் தாழ்ந்த கியரும் உடைய உழவு இயந்திரம் கரை வேலைக்கு ஜீப்பிலுஞ் சிறந்தது. ஆண்டுதோறும் பருவம் மாறுகையில் படகைக் கொண்டு கடற்கரை மாறுவோர்க்கே ஜீப் உண்மையிற் பயன்படும். ஆயினும் உழவு இயந்திரத்தில் உயிராபத்து ஒன்று உண்டு. கயிற்றை இயந்திரத்தின் அடியிலுள்ள இழுசட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். பின்னச்சுக்கு மேலாக, மேலிணைப்புக் கம்பியிலோ வேறெங்கோ பூட்டினால், படகு அசையாது நிற்கும்போது இயந்திரத்தின் முன்பக்கம் எழுந்து, ஓட்டுபவரின் மேல் மல்லாந்து விழும். கிளச்சை மிதிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோர் மினுக்கிய மேற்பூச்சைப் பாராது, கீழே படுத்து அடிச்சட்டத்தைப் பார்க்க. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டும்போது ‘கிண்’ என்ற ஓசை எழுந்தால் இரும்பு நல்லது. மந்தமாக ஒலித்தாற் துரு உட்புகுந்துள்ளது. இழுகொளுக்கி பூட்டப்படும் பின்குறுக்குச் சட்டத்தில் தார் புதிதாகப் பூசியிருந்தால், ஏன் பூசப்பட்டது எனக் கேட்கவும்.

உப்புநீர் இரும்பை உண்ணுவது. வண்டியின் பின்சில்லு நீரில் இறங்காதபடி இடையே கயிறோ நீண்ட கோலோ பூட்டி றெயிலரை மாத்திரம் இறக்குக. தூரம் ஓடிவந்த றெயிலரை உடனே கடலில் அமிழ்த்தலாகாது. சூடேறிய சில்லுக்குடம் திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, உப்புநீரைப் பெயாரிங்கினுள் உறிஞ்சும். அரைமணி நேரம் ஆறவிடுக. வேலை முடிந்த அன்றைக்கே, மறுநாட் பார்ப்போம் என்று விடாமல், வண்டியின் அடிப்பாகத்தையும் றெயிலரையும் கிணற்று நீராற் கழுவிப் பெயாரிங்குகளுக்குக் கிறீஸ் இடல் வேண்டும்.